மோட்டார் நின்றால் உப்புப் பெட்டியும் நிற்க வேண்டும்

1

கிள்ளானில் நீங்கள் எல்லாரும் பசியாறி முடித்து வேலைக்குக் கிளம்பியிருப்பீர்கள். இங்கே பெங்களூரில் இப்போதுதான் விடிகிறது. நான் இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் நிறைந்துவிட்டது. அந்த இரண்டரை மணி நேர வித்தியாசம் மட்டும் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. என் கைபேசியில் மலேசிய நேரம் மேலே, இந்திய நேரம் கீழே. "அப்பா, நீங்க எந்த நேரத்துல இருக்கீங்க?" என்று மகள் கேலி செய்வாள்.

பத்து வருஷம் ஆனதைப் பற்றி நம் கிள்ளான் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று, போன மாதம் அக்கா மகன் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது பலரும் கேட்டீர்கள். அல்சூர் ஏரி, கோயில், மெட்ரோ, டிசம்பர் குளிர் என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். நான் திரும்பி வந்த அதே வாரம் நடந்த ஒரு காரியம் அதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டது. ஆகவே இது ஒரு நீச்சல் குளத்தைப் பற்றிய குறிப்பு. நடுவில் கொஞ்சம் கரண்ட் சமாசாரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த புதிதில் நான் பட்ட அவதியில் பாதி, பேச்சால் வந்ததுதான். எதிர் வீட்டுக்காரரைப் பார்த்து, நம் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் மனைவி புஷ்பாவிடம் போய், "உங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுக்கு ஏதாச்சும் பிரச்சனையாம்மா?" என்று விசாரித்தார். இங்கே "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்க வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இன்னொரு நாள் புஷ்பாவின் அண்ணன் தனபால், "மாப்ள, கீழ போய் மோட்டார் போட்டுட்டு வா" என்றார். நம் ஊரில் மோட்டார் என்றால் இரண்டு சக்கரம். யாருடைய வண்டி, சாவி எங்கே என்று நான் கீழே தேடிக்கொண்டிருந்தேன். மேலே தொட்டியில் தண்ணீர் தீர்ந்து, தனபால் மச்சான் தலையில் சோப்போடு குளியலறையில் நின்றிருக்கிறார். இங்கே மோட்டார் என்றால் தண்ணீர் பம்ப். அதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், மறக்கவே இல்லை.

2

தனபால் மச்சானைப் பற்றிச் சொல்லாமல் என் பத்து வருஷத்தைச் சொல்ல முடியாது.

கர்நாடக அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக இங்கே அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் இருக்கும் குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம்; இரண்டுக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்கக்கூட நிற்க மாட்டார். குடும்பத்தின் பழைய வீட்டை ஒரு பில்டருக்குக் கொடுத்து, அந்த இடத்தில் எழும்பிய அடுக்குமாடியில் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று இரண்டு வீடு வாங்கிக்கொண்டார்கள். புஷ்பாவின் அம்மா படுக்கையில் விழுந்ததும் நாங்கள் கோலாலம்பூரை விட்டு வந்து குடியேறியது அந்த இரண்டாவது வீட்டில்தான். மச்சான் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். தேர்தல் எல்லாம் பேருக்கு. மண் அவர்களுடையது என்பதால் வேறு யாரும் அந்த நாற்காலிக்கு ஆசைப்படுவதில்லை. நீச்சல் குளத்தைக் காட்டும்போது மட்டும் அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். "இதான் மாப்ள எங்க சமையல்கட்டு. எங்கம்மா தோசை சுட்ட எடத்துல இப்ப எல்லாரும் டைவ் அடிக்கிறாங்க."

முதல் சில வருஷங்கள் நான் இங்கே தங்க ஆண்டுதோறும் அனுமதி புதுப்பிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு மச்சான்தான் கூட வருவார். விலாசத்துக்கு ஆதாரம் அவர் வீட்டுக் கரண்ட் பில், பொறுப்புக்கு அவர் கையெழுத்து. அரசு வேலை பார்த்தவர் என்பதால் எந்த ஜன்னலில் முதலில் நிற்க வேண்டும், எந்த நகலை இரண்டாக எடுக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. நான் அங்கே போனாலே பள்ளிக்கூடப் பையன் மாதிரி கை கட்டி நிற்பேன்.

ஒரு தடவை அதிகாரியிடம் கன்னடத்தில் பேசி நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன். இங்கேதான் குடியிருக்கிறீர்களா என்று அவர் கேட்டார். கன்னடத்தில் "இல்லி" என்றால் இங்கே. என் வாயில் வந்தது "இல்ல". அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். இங்கே குடியிருக்கவில்லை என்று நானே வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். மச்சான் என் தோளைத் தாண்டிக் குனிந்து, "நம்மவரு சார்" என்றார். எங்கள் ஆள் என்று அர்த்தம். வேறு எந்த விளக்கமும் கொடுக்கவில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

அந்தச் சொல்லை அன்று முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

3

மகள் யாழினி நான்கு வயதில் இங்கே வந்தாள். இப்போது பதினான்கு. பள்ளியில் ஆங்கிலம், லிஃப்டில் கன்னடம், எங்களிடம் ஒரு மாதிரித் தமிழ். "சும்னே ஏம்பா டென்ஷன் ஆவுறீங்க" என்பாள். சும்மா என்று சொல்லக் கூடாதா என்று கேட்டால், அதைத்தானே சொன்னேன் என்பாள். முன்பெல்லாம் கிள்ளானில் இருந்து உங்கள் பிள்ளைகள் வீடியோவில் வந்தால் நகர மாட்டாள். இப்போது கையை ஆட்டிவிட்டு அறைக்குப் போய்விடுகிறாள். கோபம் ஒன்றும் இல்லை. அவளுக்கு இது ஊர், அது அப்பாவுடைய ஊர். அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த ஊர்த் தூசியும் குளிரும் சேர்ந்து அவளுக்கு இளைப்பு வந்தது. வீசிங் என்று இங்கே சொல்வார்கள். நீச்சல் பழகட்டும், நுரையீரல் தேறும் என்றார் டாக்டர். எங்கள் குளத்தில் அப்போது பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் இறங்கினால் கண் சிவக்கும், இருமல் வரும். கோலாலம்பூரில் நான் பல வருஷம் கொண்டோ என்ற அடுக்குமாடிகளில் பராமரிப்பு வேலை பார்த்தவன். அங்கே பாதிக் குளங்கள் உப்புத் தண்ணீர்க் குளங்கள். ஆகவே இங்கேயும் அதைக் கொண்டுவரலாம் என்று சொன்னேன்.

விஷயம் சுலபமானது. தண்ணீரில் கொஞ்சம் உப்புக் கரைப்பார்கள், நாக்கில் பட்டால்கூடப் பெரிதாகத் தெரியாது. பம்ப் அந்தத் தண்ணீரை ஒரு குழாய் வழியாகத் தள்ளும். குழாயில் ஒரு கண்ணாடி போன்ற கூடு, உள்ளே தகடுகள். தகடுகளில் கரண்ட் பாய்ந்ததும் உப்பிலிருந்து குளோரின் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறந்து, ஓடும் தண்ணீரோடு கலந்து குளத்துக்குப் போய்விடும். பவுடரைக் கொட்டும்போது வரும் நெடி இல்லை. தகடுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியை எங்கள் கட்டடத்தில் எல்லாரும் உப்புப் பொட்டி என்றே சொல்கிறார்கள்.

சங்கத்தில் எதிர்ப்பு இருந்தது. மச்சான்தான் அடம் பிடித்து நிறைவேற்றினார். சிக்கனம் பார்த்து, தண்ணீர் ஓடுகிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும் சுவிட்ச் இல்லாத மாடலை வாங்கினார்கள். அதனால் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். உப்புப் பெட்டிக்கு வரும் கரண்ட், பம்ப் மோட்டாருக்குப் போகும் கரண்டில் இருந்தே எடுக்கப்பட வேண்டும். மோட்டார் ஓடினால்தான் பெட்டிக்கு உயிர். மோட்டார் நின்றால் பெட்டியும் அந்தக் கணமே நிற்க வேண்டும். கட்டடத்தின் எலக்ட்ரீஷியன் நயாஸ் அப்படியே செய்து கொடுத்தார்.

அன்றிலிருந்து யாழினி தினமும் நீந்தினாள். நான் வேலை முடிந்து மெட்ரோவில் இருந்து இறங்கி நேராகக் குளத்தடிக்குப் போய்த் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அவள் இந்தக் கரைக்கு வரும்போது ஒரு செய்தி சொல்வாள், அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்து மிச்சத்தைச் சொல்வாள். வீட்டுக்குள் வந்தால் கதவு சாத்திக்கொள்ளும் பிள்ளை, தண்ணீரில் மட்டும் என்னோடு பேசினாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் இந்த ஊரில் இத்தனை நாள் பொறுமையாக இருந்தேன் என்றுகூடச் சொல்வேன்.

4

உங்களிடம் இருந்து நான் திரும்பி வந்தது ஏப்ரலில். இங்கே அது கோடை மழைக் காலம். சாயங்காலம் இடி இடிக்கும், எங்காவது ஒரு மரக்கிளை ஒயர் மேல் விழும், கரண்ட் போய்விடும். ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். நான் ஊரில் இல்லாத நாட்கள் முழுக்க இப்படித்தான் இருந்ததாம்.

வந்த சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். பள்ளி விடுமுறை என்பதால் குளத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள். ஆழம் குறைந்த பக்கத்தில் பம்ப் தண்ணீர் வந்து விழும் ஓட்டை ஒன்று இருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. தண்ணீர் முதுகில் தள்ளும். யாழினி முதல் மாடிக் குழந்தை ஒன்றைத் தூக்கி அங்கே நிறுத்தி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். பம்ப் அதுவரை ஓடவில்லை. திடீரென்று ஓடத் தொடங்கியது. தண்ணீர் பீறிட்டு வந்தது, பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள், பிறகு எல்லாரும் இருமத் தொடங்கினார்கள்.

கரையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் குளோரின் நெடி தெரியும். எல்லாரும் மேலே வாருங்கள் என்று கத்திக்கொண்டே போய் மெயினை அணைத்தேன். யாழினி கையில் இருந்த குழந்தையை முதலில் கரையில் ஏற்றினாள். அது வாந்தி எடுத்தது, பிறகு அழுதது, அழுததால் எனக்கு நிம்மதி. யாழினி அழவில்லை. மூச்சை உள்ளே இழுக்கப் பார்த்தாள், போகவில்லை. கழுத்துக் குழி உள்ளே போய் உள்ளே போய் வந்தது.

பக்கத்துக் கிளினிக்கில் மூக்கில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். இருட்டுவதற்குள் மூச்சு சீரானது. மற்றப் பிள்ளைகளுக்குக் கண் எரிச்சலோடு போயிற்று. கிளினிக் வாசலில் மச்சான் யாழினியின் ஈரச் செருப்பு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கீழே வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"என்னா மாப்ள ஆச்சு? தண்ணிய நான் தெனம் பாத்துக்குனுதானே இருந்தேன்" என்றார்.

5

அவளைப் புஷ்பாவோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் பம்ப் அறைக்குப் போனேன்.

உப்புப் பெட்டியின் பிளக் நான் விட்டுப்போன இடத்தில் இல்லை. எதிர்ச் சுவரில், லிஃப்டுக்கும் மாடிப்படி விளக்குக்கும் போகும் ஜெனரேட்டர் லைனில் புதிதாக ஒரு சாக்கெட். அதில் பேட்டரி வைத்த புத்தம் புது டிஜிட்டல் டைமர். அதில் உப்புப் பெட்டி. பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி, குண்டு குண்டான எழுத்தில் 'தொடாதீர்கள் – செயலாளர்' என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாமல் இருக்குமா? வருஷா வருஷம் என் பத்திரங்களில் விழுந்த கையெழுத்து.

நடந்ததைப் புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. இந்த ஊர் அடுக்குமாடிகளில் எல்லாருக்கும் பழக்கமான ஒரு முறை உண்டு. ஜெனரேட்டரில் பெரிய மோட்டார்களைப் போட மாட்டார்கள், தாங்காது. விளக்கு, லிஃப்ட், சின்னச் சின்னப் பெட்டிகள் மட்டும் போடுவார்கள். உப்புப் பெட்டி சின்னப் பெட்டி. அதனால் அதை எந்நேரமும் கரண்ட் இருக்கும் ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றியிருக்கிறார். கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும், பெட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அது மட்டும் இல்லை. பம்புக்குப் பழைய டைமர், வட்டமாகச் சுற்றுகிற வகை. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்தில் இருந்து சுற்றும். பெட்டிக்கு இருப்பதோ பேட்டரி டைமர், நிற்கவே நிற்காது. இரண்டையும் நாலு மணிக்கே வைத்திருக்கிறார், பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மழை நாட்களில் ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் பழைய டைமர் பின்தங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அன்றைக்கு அதன் கணக்கில் நாலு மணி ஆனபோது ஊருக்கு ஐந்தைத் தாண்டிவிட்டது. அதுவரை உப்புப் பெட்டி ஓடாத தண்ணீரில் தனியாக வேலை பார்த்திருக்கிறது. குளோரின் முழுக்கக் குழாய்க்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. பம்ப் கிளம்பியதும் அத்தனையும் பிள்ளைகள் மேல்.

இதைவிட மோசமாகவும் நடந்திருக்கலாம். கோலாலம்பூரில் என் மேற்பார்வையாளர் ஒரு சீனர். "பம்ப் மாத்தி, செமுவா மாத்தி" என்பது அவர் தினமும் மலாயில் சொல்லும் மந்திரம். பம்ப் செத்தால் எல்லாம் சாக வேண்டும். அடுத்த கட்டடத்தில் யாரோ அதை மீறி வயர் இழுத்திருந்தார்கள். நிற்கும் தண்ணீரில் தகடுகள் ஓடினால் குளோரின் மட்டும் வராது, எளிதில் தீப்பற்றும் வாயுவும் வரும். அது கூட்டுக்குள் அடைந்து ஒருநாள் வெடித்தது. கூடு சிதறி எதிர்ச் சுவரில் குத்தி நின்றதை நானே பார்த்தேன். அந்த நேரம் அறையில் ஆள் இல்லாதது அதிர்ஷ்டம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படியேறினேன். நேராக மச்சான் வீட்டு மணியை அடித்து நாலு வார்த்தை கேட்பதாகத்தான் இருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. அவர் வாசல் விளக்கடியில் உட்கார்ந்து யாழினியின் செருப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டேன்.

6

மறுநாள் காலை கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். ஆரம்பத்தில் இருந்தே உப்பை எதிர்த்த இரண்டாம் மாடிக்காரர், மலேசியா வித்தையெல்லாம் நம் ஊருக்கு ஒத்துவராது என்றார். குளத்தில் மண் கொட்டி மூடினால் இன்னும் சில கார்கள் நிறுத்தலாம் என்றார். நிறையத் தலைகள் ஆடின. வாந்தி எடுத்த குழந்தையின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

மச்சான் எழுந்தார். "எங்க மாப்ள அங்க எத்தினி பெரிய பில்டிங்கு பாத்தவரு தெரியுமா? அவரு கைய வெச்சா தப்பு நடக்காது. பொட்டியிலதான் ஏதோ கோளாறு. கம்பெனிக்காரன கேக்கணும்." தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை சொன்னார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"கம்பெனி மேல தப்பு இல்ல. வயரிங்லதான் தப்பு. நான் சரி பண்றேன். அதுவரைக்கும் குளத்தைப் பூட்டி வைங்க" என்றேன்.

"யாரு போட்ட வயரிங்?" என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

"அது என் பொறுப்பு" என்றேன்.

மேலே வந்ததும் புஷ்பா கதவைச் சாத்தினாள். அவள் பம்ப் அறைக்குப் போய் அந்த டேப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். "எங்க அண்ணன் பண்ண வேலைன்னு தெரியுது. கூட்டத்துல நீங்க சொல்லாததுக்கு எனக்குச் சந்தோஷம். ஆனா அவருகிட்ட சொல்லாம விட்டீங்கன்னா அது மரியாத இல்ல. நல்லது பண்றேன்னு நெனச்சிக்கினு மறுபடியும் பண்ணுவாரு. அப்பவும் தண்ணியில நம்ம பொண்ணுதான் இருக்கும்."

அவள் சொன்னது சரி. ஆனால் யாழினியோ தண்ணீருக்கே வர மாட்டேன் என்றுவிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "பேடா பா. எனக்கு வேணாம். மூட்டிடட்டும்" என்றாள். மூடிவிடட்டும் என்கிறாள்.

7

அன்று சாயங்காலம் மச்சானைப் பம்ப் அறைக்குக் கூட்டிப் போனேன். வாயால் சொன்னால் சண்டையாகிவிடும் என்று பயம். பெட்டியைப் பழைய இடத்தில் செருகி, பம்பை ஓட விட்டேன். கண்ணாடிக் கூட்டுக்குள் பொடிப் பொடியாகக் குமிழ்கள் பிறந்து, பிறந்த வேகத்தில் தண்ணீரோடு ஓடிப்போயின. மச்சான் குழந்தை மாதிரி ஆர்வமாகப் பார்த்தார். பம்பை நிறுத்தினேன். பெட்டியும் நின்றது.

"இப்ப நீங்க மாத்தி வச்ச மாதிரி ஓட்டறேன். கொஞ்ச நேரம்தான், பயப்படாதீங்க" என்று பிளக்கை ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றினேன். பம்ப் ஓடவில்லை, தகடுகள் ஓடின. குமிழ்கள் போக வழி இல்லாமல் மேலே ஏறின. கூட்டின் மேல்பக்கம் தண்ணீர் கீழே இறங்கி, வெற்றிடம் மாதிரி ஒரு பட்டை தெரிந்தது. உடனே பிளக்கை எடுத்துவிட்டேன்.

"அந்த மேல இருக்கறது என்னா?" என்றார்.

"அதான் மச்சான் நேத்து புள்ளைங்க மேல வந்தது."

அவர் வெகுநேரம் அந்தப் பட்டையையே பார்த்தார். பிறகு சுவரில் இருந்த தன் டேப்பைப் பார்த்தார்.

"கரண்ட் போறப்பல்லாம் பொட்டி சொம்மா நிக்குதேன்னு பாத்தேன் மாப்ள. நீயும் ஊர்ல இல்ல. தண்ணி கெட்டுப் பூட்டா யாழுக்கு இளுப்பு வருமேன்னுதான்... அது நீஞ்சற தண்ணி ஒரு நாளும் கெடக் கூடாதுன்னு நெனச்சேன்."

"தெரியும் மச்சான்."

"காலையில கூட்டத்துல உனுக்குத் தெரிஞ்சிதான் இருந்திச்சா?"

நான் தலையாட்டினேன். அவர் டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, கிழியாமல் முழுசாக உரித்து, உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தை நான் தேடிப் பார்த்தேன். அது காணாமல் போயிருந்தது.

நயாஸ் வந்தார். "தனபால் சார் போடச் சொன்னாரு, போட்டேன் அண்ணா. ஒரு வார்த்த உங்களக் கேட்டிருக்கணும்" என்று வருத்தப்பட்டார். மெயினையும் ஜெனரேட்டரையும் அணைத்துப் பூட்டி, யாரும் போடாதபடி அட்டை மாட்டிவிட்டு வேலை பார்த்தோம். ஜெனரேட்டர் சாக்கெட்டை அடியோடு எடுத்தோம். உப்புப் பெட்டியின் வயரை, பம்புக்குக் கரண்டை விடும் காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்சின் வெளிப்பக்கத்தில் பிளக் இல்லாமல் நிரந்தரமாக இணைத்தோம். இனி டைமர் ஒன்றே ஒன்று, பேட்டரி உள்ளது. அது பம்புக்கு மட்டும். பம்ப் ஓடியும் வால்வு மூடியிருந்தால் என்ன செய்வது? அதற்கு, சிக்கனம் என்று அன்று விட்ட அந்த நீரோட்ட சுவிட்சையும் வாங்கிப் போட்டோம். எர்த் சரியா, கரண்ட் கசிந்தால் டிரிப் ஆகிறதா என்று பார்த்தோம். பம்ப் ஓடும்போதே மெயினை அணைத்தோம். உப்புப் பெட்டியின் பச்சை விளக்கு மோட்டாரோடு சேர்ந்து அணைந்தது. ஜெனரேட்டர் கிளம்பியது, லிஃப்ட் ஓடியது, உப்புப் பெட்டி அசையவில்லை. எனக்கு அந்த இருட்டுப் பெட்டியைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒரு வாரம் பிள்ளைகள் இல்லாமல் ஓட்டி, தினமும் தண்ணீரைச் சோதித்தேன். மச்சான் அந்த வாரம் முழுக்க வெளியே தலை காட்டவில்லை.

8

ஞாயிற்றுக்கிழமை குளத்தைத் திறக்கிறோம் என்று தெரிவித்தோம். எல்லாரும் வந்தார்கள், ஒருவரும் இறங்கவில்லை. பிள்ளைகள் நீச்சல் உடையோடு அம்மாக்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாழினி வழக்கமான உடுப்பில், புஷ்பாவுக்குப் பின்னால். அவளை வர வைத்ததே பெரும்பாடு.

அப்போது மச்சான் வந்தார். பனியன், முட்டிக்குக் கீழே தொங்கும் பழைய அரைக்கால் சட்டை, தோளில் துண்டு. கட்டடம் எழும்பிய நாளில் இருந்து அவர் அந்தத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. வந்தவர் இரண்டாம் மாடிக்காரருக்கு நேராக நின்று கன்னடத்தில், "தப்பு நந்து" என்றார். தப்பு என்னுடையது. ஜெனரேட்டருக்கு மாற்றியது நான், மாப்பிள்ளை என் பேரைக் காப்பாற்றினார் என்று கன்னடத்தில் சொல்லி, அதையே தமிழிலும் சொன்னார். வாந்தி எடுத்த குழந்தையின் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

பிறகு கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். தண்ணீர் மார்பளவு வந்தது. சுவரைத் தடவிக்கொண்டே போய், பம்ப் தண்ணீர் விழும் அந்த ஓட்டைக்கு நேராகக் குனிந்து முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, மெயின அணை" என்றார்.

அணைத்தேன். தண்ணீர் அடங்கியது. அவர் அப்படியே நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஜெனரேட்டர் உறுமியது. போடட்டுமா என்று கேட்டதற்கு, இன்னும் இரு என்று கையைக் காட்டினார்.

"இப்ப போடு."

போட்டேன். ஓட்டையில் தண்ணீர் குபுகுபுவென்று வந்து அவர் தாடையில் அடித்தது. அவர் வாயைத் திறந்து, நெஞ்சு விரிய மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"ஒண்ணும் இல்ல. வாசனையே இல்ல. கண்ணு யாழு, மாமா மூச்சு இழுத்துப் பாத்துட்டேன்மா" என்றார்.

அவள் நகரவில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

மச்சான் திரும்பி வரக் காலை எடுத்து வைத்தார். வழவழப்பில் கால் நழுவியது. சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமும் வர முடியவில்லை, இந்தப் பக்கமும் போக முடியவில்லை. அரசுப் பணியில் அத்தனை பேரை அதட்டிய மனுஷர், "யாராச்சும் கொஞ்சம் வாங்கப்பா" என்றார், மெதுவாக.

பின்னாலிருந்து ஒரு சத்தம். திரும்புவதற்குள் யாழினி போட்டிருந்த உடுப்போடு குதித்துவிட்டாள். இரண்டே வீச்சில் அவரிடம் போய், "மாமா, சுவர விடுங்க. என் கையப் புடிங்க. நான் இருக்கேன்ல" என்றாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவள் பின்னோக்கி நடந்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வந்தாள். பாதி வழியில் என்னைப் பார்த்தாள். "அப்பா, தண்ணி நல்லா இருக்கு" என்றாள். அதற்குள் இரண்டு பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள்.

என் பக்கத்தில் ஒரு பெண்மணி நின்றிருந்தார், அந்த வாரம்தான் வாடகைக்கு வந்தவர். பனியன் நனைந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மச்சானைக் காட்டி, "யாரு அவரு?" என்று கன்னடத்தில் கேட்டார்.

என் கன்னடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நாக்கு குழறவில்லை.

"நம்மவரு" என்றேன்.